மாப்பிள்ளை, உன் பாஸ் பெட்டி முடிந்தது

என் அன்பு மாப்பிள்ளை ஜோசப்புக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. உன் பாஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி முடிந்துவிட்டது. மதுக்கரையில் உன் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. சிவப்பு நிறம். ஏன் சிவப்பு என்று கேட்காதே, கடையில் மிச்சம் இருந்த பெயிண்ட் அதுதான். பார்க்கிறவர்கள் தபால் பெட்டி என்கிறார்கள். நம் பங்குச் சாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், "ஏனுங்க ஆரோக்கியம், புதுக் காணிக்கைப் பொட்டிங்களா? இவ்வளவு பெருசா செஞ்சிருக்கீங்களே, நம்ம சனத்தைப் பத்தி நொம்ப நல்லபடியா நெனச்சுப்போட்டீங்க" என்றார்.

உன்னை "நீ" என்று எழுதுகிறேன், கவனித்தாயா? பதினேழு வயதில் பாடற்குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற நாளிலிருந்து நாம் வாடா போடாதான். என் தங்கை லூர்துவை நீ கட்டிக்கொண்ட அன்றைக்கு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி மாப்பிள்ளைய வாங்க போங்கன்னுதான் கூப்படோணும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் விருந்துக்கு வந்த உன்னிடம் வாசலில் நின்று, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றேன். நீ சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாய். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நாலு பேர் முன்னால் உனக்கு மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டேன். இனி அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. யார் என்னைக் கேட்பது?

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது உன் தொழில், பாஸ் வாசிப்பது உன் உயிர். ஞாயிறு காலையில் கோயில் பாடற்குழு, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழு. கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, அதன் உறுமலுக்குக் காதைக் கொடுத்து, "ஜி சுருதியில பாடுது மச்சான்" என்பாய். எனக்கு எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் உறுமின. நான் கணபதியில் ஒரு பேட்டர்ன் கடையில் மரவேலை செய்கிறவன். பம்போ வால்வோ, ஃபவுண்டரியில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதே உருவத்தை நாங்கள் மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். முப்பது வருஷமாக எனக்கு இதுதான் சோறு போடுகிறது.

அதை வைத்துத்தான் என்னை மடக்கினாய். "பம்பு பாடியவே மரத்துல செய்யற ஆளு, எனக்கு ஒரு பொட்டி செய்ய மாட்டியா?" என்று கேட்டாய். மைக் செட்காரரின் பெட்டியில் உன் பாஸ் கரகரக்கிறது என்று நீ புலம்பாத நிகழ்ச்சி கிடையாது. காயில் சுற்று எழுதிவைக்கும் தாளின் பின்பக்கத்தில் நீயே படம் போட்டாய். முன்பலகையில் பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே காற்று போய் வர ஒரு நீளத் துளை, ஓரத்தில் "உள்ளே 120 லிட்டர்". "ஏன்டா, இது ஸ்பீக்கர் பொட்டியா, தண்ணித் தொட்டியா?" என்று கேட்டேன். ஸ்பீக்கருக்கு மரத்தைவிட மரத்துக்கு உள்ளே இருக்கும் காற்றுதான் முக்கியம் என்று அரை மணி நேரம் விளக்கினாய். தலையை ஆட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

ஸ்பீக்கரையும் வாங்கி அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாய். பலகை அறுப்பதுதான் பாக்கி, அது என் வேலை. "அடுத்த மாசம் செஞ்சு குடுக்கறேன்" என்றேன். நாலு வருஷம் அடுத்த மாசம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் வேலை அதிகம் இருந்தது, உண்மைதான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன, அதுவும் உண்மைதான். அப்புறம் ஒரு நாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை. ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

உன் முதல் வருஷ நினைவுப் பூசை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். லூர்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் நீ வரைந்த படம்.

"அண்ணா, இந்தப் பொட்டியச் செஞ்சு குடுங்க. திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்குது."

உன் ஞாபகமாக வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். "அதுக்கென்ன கண்ணு, அவசரமா? கிட்டாரத்தான் உடுமலைக்காரரு கேட்டுட்டு இருக்காரே, அது போயிட்டா வெறும் பொட்டிய வெச்சு என்ன பண்றது?" என்றேன். உடுமலைப்பேட்டையில் இருக்கும் உன் பெரியப்பா மகன் சூசையைச் சொன்னேன். அவர்கள் பங்கில் பாஸ் இல்லை, சும்மா கிடக்கிற கிட்டாரைக் கொடுத்தால் பூசைக்கு உதவும் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

"சும்மா கெடக்கலீங்க அண்ணா. நான் வாசிக்கிறேன்."

என் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மனைவியேதான் மாப்பிள்ளை. நீ வாசிக்க உட்கார்ந்தால், "டும் டும்முன்னு என்னங்க இது, தலை நோவுது" என்று தையல் மெஷினை வேகமாக மிதிப்பாளே, அவளேதான். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனில் பாடம் பார்த்துப் பார்த்து ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் வாசித்ததால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. விரல் நுனிகளைக் காட்டினாள். ஊசி குத்திக் காய்ப்பு ஏறிய விரலில் கம்பி பட்டு இன்னொரு காய்ப்பு.

"அம்பது வயசுல, சனத்துக்கு முன்னால நின்னு..." என்று இழுத்தேன்.

"அம்பத்தி ரெண்டுங்க அண்ணா" என்று திருத்தினாள். "திருவிழாப் பூசைக்கு வாசிக்கறேன்னு பாடற்குழுவுல சொல்லிப்போட்டேன். ஒழுங்கா வாசிச்சா கிட்டார் என்கிட்ட இருக்கட்டும். முடியலீன்னா அன்னைக்கே உடுமலைக்காரரு கொண்டுட்டுப் போகட்டும்."

"மைக் செட்டுப் பொட்டியிலயே வாசிக்கலாமல்ல?"

"அவரு திட்டிட்டே வாசிச்ச பொட்டியில நான் எதுக்குங்க வாசிக்கோணும்? இந்தப் பொட்டி வந்தா வாசிக்கறேன். வரலீன்னா இல்ல."

பிடிவாதத்தில் அவள் எங்கள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், உனக்குத் தெரியாததா? ஆக, அந்தக் கிட்டார் உன் வீட்டில் இருப்பதும் போவதும் என் கையில் வந்து நின்றது. இந்தத் தடவை அடுத்த மாசம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலும் ஞாயிறு மதியங்களிலும் அங்கேயே செய்தேன். பதினெட்டு எம்.எம். ப்ளைவுட், நல்ல கனமானது. நீ படத்தில் போட்டபடி உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து, மூட்டு ஒவ்வொன்றுக்கும் பசை தடவி இறுக்கினேன். உள் மூலைகளில்கூட மெழுகு வைத்துக் கூர் தெரியாமல் உருட்டிவிட்டேன். பேட்டர்னுக்கு அப்படிச் செய்தே கை பழகிவிட்டது. வெறும் பெட்டியைத் தட்டினால் கல்லைத் தட்டியது போல் இருந்தது. முன்பலகையில் வட்டத்தை வெட்டி, சுற்றி எட்டு ஓட்டை போட்டு, பின்பக்கம் நட்டுகளை அடித்து இறக்கினேன். ஒரு மூட்டில்கூடத் தலைமுடி நுழைய இடமில்லை. இந்த வேலையை நீ பார்க்கவில்லையே என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? பெருமைக்காரன்தான் நான், ஒப்புக்கொள்கிறேன்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றி மதுக்கரைக்குக் கொண்டுபோனேன். மரத்தூள் படக்கூடாது என்று ஸ்பீக்கரை அதுவரைக்கும் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவைத்திருந்தேன். அட்டைப் பெட்டியைப் பிரித்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வட்டத்தில் இறக்கினோம். லொடலொடவென்று ஆடியது. முதல் போல்ட்டை மாட்டினேன். எதிர்ப்பக்கத்துப் போல்ட் ஓட்டைக்கு வரவில்லை. அரை விரல்கடை தள்ளி நின்றது. எட்டில் ஒன்றுதான் சேர்ந்தது.

"ஸ்பீக்கர் கம்பெனிக்காரன் தப்பா செஞ்சுபோட்டான்" என்றேன்.

லூர்து தையல் டேப்பை எடுத்து வந்து ஸ்பீக்கரை அளந்தாள். படத்தில் நீ எழுதியிருந்த அளவேதான் இருந்தது. பெட்டி வட்டத்தை அளந்தாள். பெரிதாக இருந்தது.

"உன்ற டேப்பு இழுத்துப்போச்சு அம்மணி" என்றேன்.

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "இந்த மாதிரி டேப்புலதானுங்க முப்பது வருசமா ஊருக்கே ரவிக்கை தெக்கறேன். ஒருத்தி இழுத்துப்போச்சுன்னு சொன்னதில்ல. உங்க ஸ்கேலக் கொண்டாங்க" என்றாள். என் பையில் கையை விட்டு அவளே எடுத்தாள். டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என் ஸ்கேலில் நூறு என்று போட்டிருந்த இடம், அவள் டேப்பில் நூற்றிரண்டு.

மாப்பிள்ளை, அது வார்ப்பு ஸ்கேல். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும் அல்லவா? அதனால் மர உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், கோடுகளையே கொஞ்சம் எட்ட எட்டப் போட்ட ஸ்கேல் எங்களிடம் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக அதை எடுத்திருக்கிறது. எல்லாப் பலகையையும் அதே ஸ்கேலில் அளந்து அறுத்ததால் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்திவிட்டன. வெளியிலிருந்து வந்த ஸ்பீக்கர்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

விஷயத்தைச் சொன்னேன். லூர்து பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை ரொம்பப் பணிவாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க அண்ணா, சித்த நேரம் வெளிய வெச்சா ஆறிச் சுருங்கிக்குமுங்களா?"

கேட்டுவிட்டுத் தானே சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வர வேண்டிய நேரம், ஆனால் நானும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சிரிப்பு அடங்கினதும் பயம் வந்தது. வட்டம் பெரிதாகிவிட்டதால் புதிதாக ஓட்டை போட விளிம்பில் மரம் போதாது. முன்பலகையைப் பெயர்க்கவும் முடியாது, அவ்வளவு ஒழுங்காகப் பசை போட்டிருக்கிறேன். பூசைக்கு ஏழு நாள். "புதுசா ஒன்னு அறுக்கறதுன்னா இந்த வாரத்துல ஆகாது கண்ணு. கிட்டாரக் குடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"கழுத்துப் பெருசா வெட்டிப்போட்டா ரவிக்கையத் தூக்கியா வீசறோம்? உள்ளுக்குள்ள பட்டி வெச்சுத் தெக்கறோமல்ல. இதுக்கும் ஒரு பட்டி வெய்யுங்க" என்றாள்.

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. மறுநாள் சாயங்காலம் அதே ப்ளைவுட்டில் ஒரு வளையம் அறுத்தேன். வெளிவட்டம் பலகைக்குப் பிடிமானமாக, உள்வட்டம் ஸ்பீக்கருக்குச் சரியாக. இந்தத் தடவை லூர்துவின் டேப்பை இரவல் வாங்கிப்போய் அளந்தேன். பசையும் திருகும் போட்டு முன்பலகையில் அமர்த்தினேன். வியாழக்கிழமை ஸ்பீக்கர் உட்கார்ந்தது, எட்டு போல்ட்டும் விரலாலேயே இறங்கின. கறுப்புக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக்கி லூர்து முன்பக்கத்துக்கு உறை தைத்தாள்.

நீயே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிச் செய்த ஆம்ப்ளிஃபையரை மாட்டினோம். லூர்து தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினாள். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. அவள் கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டாள். ஒரு வருஷம் கொசு ரீங்காரம் மாதிரி கேட்டுப் பழகினவளுக்கு, தான் வாசிப்பது இவ்வளவு பெரிய சத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. "இதுக்கு நான் ஈடு குடுப்பனுங்களா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒரு யோசனை என்னைக் குடைந்துகொண்டே வந்தது. பையில் சாதா ஸ்கேலும் இருந்ததே, கை ஏன் அதை எடுக்கவில்லை? பழக்கம்தான் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டி முடியாத வரைக்கும் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. முடித்துவிட்டால் நீ நிஜமாகவே போய்விடுவாய். அதுதான் காரணமாக இருக்குமோ? தெரியவில்லை. நீ உயிரோடு இருந்தபோது நாலு வருஷமாகச் செய்யாததை, போன பிறகு ஆறு வாரத்தில் செய்தேன் என்பது மட்டும் தெரியும். அதற்கு என்னை மன்னித்துவிடு.

திருவிழாப் பூசைக்குக் கோயில் நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் கூட்டம். உடுமலைப்பேட்டையிலிருந்து சூசை வந்திருந்தார். கிட்டார் உறை ஒன்றை மடித்து இடுக்கிக்கொண்டே வந்திருந்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லூர்து உன் இடத்தில், கீபோர்டுக்குப் பின்னால் நின்றாள். அரக்கு நிறப் பட்டுப் புடவை, கிட்டார் வார் தோளில் நழுவாமல் இருக்க ஒரு ஊக்கு. பெண்கள் பக்கம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வருகைப் பாட்டு நன்றாகப் போனது. காணிக்கைப் பாட்டும் போனது. நற்கருணைப் பாட்டில் இரண்டாம் சரணம் வந்தபோது அவள் தாளத்தை விட்டுவிட்டாள். கண் என்னைத் தேடியது. விரல் கம்பி மேலேயே நின்றுவிட்டது. ஒரு முழு வரி அவள் வாசிக்கவில்லை.

இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து, "பாஸ் கேட்டுச்சா மச்சான்?" என்று கேட்பாய். "நொம்ப நல்லா கேட்டுச்சு" என்பேன். ஒரு நாள்கூட எனக்குக் கேட்டதில்லை. பாட்டு கேட்கும், தபேலா கேட்கும், கீபோர்டு கேட்கும். அதில் உன்னுடையது எது என்று எனக்குக் கடைசிவரைக்கும் பிரித்தறியத் தெரியவில்லை. முப்பது வருஷம் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

லூர்து விட்ட அந்த ஒரு வரியில்தான் எனக்கு அது கேட்டது. எல்லாரும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், சுருதி தப்பவில்லை, ஆனால் பாட்டு காலூன்ற இடம் தேடுவது போல இருந்தது. அடுத்த வரியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் எண்ணிக்கொண்டு, மறுபடியும் சேர்ந்தாள். என் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. பாட்டு நிமிர்ந்து நின்றது. இதைத்தானா நீ இத்தனை வருஷமாக ஒரு மூலையில் நின்று செய்துகொண்டிருந்தாய்? நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நற்கருணைப் பக்தி என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் சூசை லூர்துவிடம் வந்தார். கொண்டுவந்த உறையை அவள் கையில் கொடுத்து, "பழைய உறை கிழிஞ்சு கெடக்குதுங்க. இதுல போட்டு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், நான்தான் அவரைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன்.

லூர்து சிவப்புப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். "அண்ணா, கேட்டுச்சுங்களா?" என்றாள்.

"கேட்டுச்சு அம்மணி" என்றேன். "ரெண்டாஞ் சரணத்துல ஒரு வரி காணோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "அவரு சொல்லுவாருங்க. 'உங்கண்ணனுக்கு பாஸே கேக்காது லூர்து, எல்லாம் பொய்யி. ஆனா எந்தக் கச்சேரியானாலும் மொத வரிசையில வந்து உக்காந்துக்குவான். அதுக்காகவே கேட்டுச்சான்னு கேக்கறது'ன்னு."

அடப் பாவி. தெரிந்துகொண்டேதான் முப்பது வருஷம் கேட்டாயா?

சரி, கேட்டுக்கொள். லூர்துவை அடுத்த மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்கு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எங்கே வாசித்தாலும் நான் முதல் வரிசையில் உட்காருவேன். கேட்டால் கேட்டது என்பேன், விட்டால் விட்டது என்பேன். உன்னிடம் சொல்லாமல் போன உண்மையை அவளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
பாஸ் கேட்க ஆரம்பித்திருக்கும் உன் மச்சான்,
ஆரோக்கியம்